ஓரெழுத்தில் ஒரு நகர்வு: பேக்கமன் குறிப்புகளை மாற்றும் நிரல்

பேக்கமன் பலகையில் 24 கட்டங்கள் உண்டு. ஆடும் இருவருக்கும் தலா 15 காய்கள். ஒவ்வொருவரும் கட்டங்களைத் தம் பக்கத்திலிருந்து எண்ணுவதால், ஒருவரின் 7-ஆம் கட்டம் எதிராளிக்கு 18-ஆம் கட்டம். தொடக்கத்தில் ஒருவரின் காய்கள் 24-இல் 2, 13-இல் 5, 8-இல் 3, 6-இல் 5 என நிற்கும்.

வழக்கமான குறிப்புமுறை, காய் கிளம்பிய கட்டத்தையும் சேர்ந்த கட்டத்தையும் எழுதுகிறது. பகடையில் 3, 1 விழுந்தால் பலரும் ஆடும் நகர்வு 8/5 6/5. எதிராளியின் காயை வெட்டினால் நட்சத்திரக் குறி சேரும். இரண்டு காய்கள் ஒரே நகர்வைச் செய்தால் 8/4(2) என வரும்.

ஆட்டத் தொடக்கங்களை ஆராய்பவர்களுக்கு இது நீளமாகப்பட்டது. அமெரிக்க ஆட்டக்காரர் நாக் பாலார்ட் வகுத்த ‘நாக்டேஷன்’ என்னும் சுருக்கமுறை, பகடை எண்களோடு ஓரெழுத்தை மட்டும் சேர்க்கிறது. இரு காய்களைச் சேர்த்துக் கட்டம் பிடித்தால் ‘பி’. பின்னால் நிற்கும் இரு காய்களைப் பிரித்தால் ‘எஸ்’. பின்காய் ஒன்றை ஓட்டினால் ‘ஆர்’. ஆக, 8/5 6/5 என்பது 31-பி. 24/13 என்பது 65-ஆர்.

இரு முறைகளுக்கும் இடையே மாற்றித்தரும் நிரலை எழுதுவது, பார்வைக்கு ஓர் அட்டவணை போடும் வேலைதான். ஆட்டத்தின் முதல் வீச்சில் இரட்டை செல்லாது என்பதால் 15 வீச்சுகளே வரும். அதுவரை அட்டவணை போதும். அடுத்த வீச்சிலேயே அது தடுமாறிவிடும். முதல் வீச்சில் 62-எஸ் என்றால் 24/18 13/11. ஆனால் எதிராளி 61-பி ஆடித் தம் 7-ஆம் கட்டத்தைப் பிடித்திருந்தால், நமக்கு அது அடைபட்ட 18-ஆம் கட்டம். அட்டவணை தரும் விடை விதிக்குப் புறம்பாகிவிடும். வழக்கமான குறிப்பு காயின் இடத்தைச் சொல்கிறது. சுருக்கமோ ஆடுபவரின் எண்ணத்தைச் சொல்கிறது. எண்ணத்தை இடமாக மாற்ற, நிரலுக்குப் பலகையின் அப்போதைய நிலை தெரிந்தாக வேண்டும்.

எனவே நிரலின் அடித்தளம் பலகைதான். 1 முதல் 24 வரை கட்டங்கள். வெட்டுப்பட்ட காய்க்கு 25. பலகையை விட்டு வெளியேறிய காய்க்கு 0. ஆட்டம் கைமாறும்போது ஒவ்வொரு கட்ட எண்ணையும் 25-இலிருந்து கழித்தால் எதிராளியின் பார்வை கிடைக்கும்.

அடுத்தது, விழுந்த பகடைக்குச் செல்லும் நகர்வுகள் அனைத்தையும் உருவாக்கும் பகுதி. வெட்டுப்பட்ட காய் முதலில் உள்ளே வர வேண்டும். இரு பகடைகளையும் ஆட முடிந்தால் இரண்டையும் ஆட வேண்டும். ஏதேனும் ஒன்றைத்தான் ஆட முடியும் என்றால் பெரியதை ஆட வேண்டும்.

இவற்றுக்குப் பிறகு, ஒரு நகர்வைப் பார்த்து அதன் எழுத்தைச் சொல்லும் ஒரே ஒரு செயற்கூறு போதும். வழக்கமான குறிப்பிலிருந்து சுருக்கத்துக்கு அது நேராகப் பயன்படும். எதிர்த்திசைக்குத் தனி விதிகள் தேவையில்லை: செல்லும் நகர்வுகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்தைக் கணக்கிட்டு, கொடுத்த எழுத்தோடு பொருந்துவதை எடுத்தால் போதும். இரண்டு நகர்வுகள் பொருந்தினால் ஒன்றை ஊகித்து எடுக்காமல், ஐயம் இருப்பதை நிரல் தெரிவிக்க வேண்டும்.

ஒரே நகர்வைப் பலர் பலவிதமாக எழுதுவதும் உண்டு. 6/5 8/5 என்பதும் 8/5 6/5 என்பதும் ஒன்றே. ஆகவே எழுத்துகளை ஒப்பிடாமல், நகர்வுக்குப் பின் பலகை எப்படி நிற்கிறது என்பதையே ஒப்பிட வேண்டும். 64-க்கு 24/14 ஆடும்போது, 18 வழியாகவோ 20 வழியாகவோ போகலாம், விளைவு ஒன்றே. வழியில் ஒரு காயை வெட்டினால் மட்டும் விளைவு மாறும். அப்போது 24/18*/14 என இடைக்கட்டத்தையும் எழுதியாக வேண்டும்.

நிரல் சரியா என்பதைச் சோதிக்க, ஒவ்வொரு நிலையிலும் செல்லும் நகர்வுகளைச் சுருக்கமாக மாற்றி, அந்தச் சுருக்கத்தை மீண்டும் விரிக்க வேண்டும். புறப்பட்ட நகர்வே திரும்பி வந்தால் மாற்றம் சரி. வராத இடத்தில், எழுத்து சூட்டும் விதியில் பிழையோ இருபொருளோ உள்ளது.