திரைக்கு முன் தேகப் பயிற்சி

விடியுமுன் பழவேற்காட்டு ஏரியில் வலையிறக்கிக் கரை திரும்பும் மீனவரிடம், தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே நின்று கையை வீசிக் காலைத் தூக்கித் தேகப் பயிற்சி செய்வதற்கென்றே ஒரு விளையாட்டுக் கருவி விற்கப்படுகிறது என்று சொன்னால், அவர் முதலில் நகைக்கவே செய்வார். ஆழமற்ற நீரில் கழி ஊன்றிப் படகைத் தள்ளியும் ஈர வலையை இழுத்தும் முறுக்கேறிய தோள்களுக்கு இன்னும் என்ன பயிற்சி வேண்டும் என்று கேட்பார். கேள்வி நியாயமானதே. ஆனால் அதே குப்பத்தில் வேறு உடல்களும் இருக்கின்றன. பனையோலைக் கூடை முடைந்துகொண்டு பொழுதெல்லாம் ஒரே இருப்பில் அமர்ந்திருக்கும் பெண்மணி இருக்கிறார். பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்று நீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடித்து, முதுகும் முழங்காலும் தேய்ந்துபோன மூதாட்டி இருக்கிறார். பள்ளி விட்டு வந்ததும் கைபேசியோடு மூலையில் ஒதுங்கும் சிறுவன் இருக்கிறான். பக்கவாதத்தில் வலக்கை சோர்ந்து, வலை பின்னும் ஊசியைப் பற்ற இயலாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரும் இருக்கிறார்.

நம் நெசவாள அங்கத்தினர்களின் நிலையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. தறிக்குழியில் கால்கள் மிதித்துக்கொண்டிருந்தாலும் இடுப்பும் முதுகும் மணிக்கணக்கில் ஒரே வளைவில் நின்றுவிடுகின்றன. மூச்சு வாங்கும்படியான அசைவு அத்தொழிலில் குறைவு. ஆகவே, இக்கருவி யாருக்குப் பயன்படும், யாருக்கு வீண் செலவு என்று அறிந்துகொள்வது நமக்கும் தேவையாகிறது. பல வாரச் சம்பாத்தியத்தைக் கொட்டி வாங்க வேண்டிய பொருள் அது. கடன்பட்டு வாங்கியபின் ஆராய்வதைவிட வாங்குமுன் ஆராய்வது நலம் அன்றோ?

இவ்வகைக் கருவி நேற்று முளைத்ததன்று. 1986ஆம் ஆண்டிலேயே ஜப்பானில், காலால் மிதித்து ஆடும் விரிப்பு ஒன்று வீட்டு வீடியோ விளையாட்டுப் பெட்டியோடு இணைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1998இல் கொனாமி நிறுவனம், பாட்டுக்கேற்ப அம்புக்குறிகளின் மீது கால் மாற்றி மாற்றி வைத்து ஆடும் நடன விளையாட்டை வெளியிட்டது. எனினும், நடுத்தர வயதினரும் பாட்டன் பாட்டிமாரும் இவ்விளையாட்டில் இறங்கியது 2006இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட வீ என்னும் பெட்டியால்தான். பொத்தான்களை அழுத்திக்கொண்டிராமல், கையிலுள்ள கோலை மட்டையைப்போல் வீசினால் திரையில் பந்து பறந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் வீ ஃபிட் வந்தது. அதில் நிற்பதற்கு ஒரு பலகை உண்டு. இதை உருவாக்கியவரான ஷிகெரு மியாமோட்டோ, தம் எடையை நாள்தோறும் நிறுத்துக் குறித்துவைக்கும் பழக்கமுடையவர். அவ்வாறு குறிப்பதே ஒரு சுவையான பொழுதுபோக்காக இருக்கக் கண்டு, அதையே விளையாட்டாக்கினார். சுமோ மல்லர்களை நிறுக்க இரண்டு தராசுகள் தேவைப்படும் என்பதும் அவருக்கு யோசனை தந்ததாம். வீ ஃபிட் 2 கோடிக்கு மேல் விற்றது.

இக்கருவிகள் நம் அசைவை அறியும் விதத்தில் மாயம் ஒன்றுமில்லை. வீயின் கோலுக்குள் ஒரு சிறு அசைவுமானி இருக்கிறது. கோல் எந்தப் பக்கம், எவ்வளவு விரைவாக வீசப்பட்டது என்பதை அது சொல்லும். கோலின் நுனியில் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைக் காணும் சிறு காமிரா ஒன்றுண்டு. தொலைக்காட்சியின் மேல் வைக்கும் பட்டை வெறும் இரண்டு ஒளிப்புள்ளிகளே. அப்பட்டை பழுதானபோது இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்து ஆடியவர்களும் உண்டு! நிற்கும் பலகையின் நான்கு மூலைகளிலும் எடையுணர் கருவிகள் இருப்பதால், உடற்பாரம் இடக்காலில் மிகுதியா வலக்காலில் மிகுதியா என்பது திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கினெக்ட் கருவிக்குக் கோலும் வேண்டியதில்லை, பலகையும் வேண்டியதில்லை. அறையெங்கும் அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளித்து, அவை விழும் கோலத்தைக் கொண்டு ஆளின் மூட்டுகள் எங்கெங்கே உள்ளன என்று அது கணித்தது. முதல் 60 நாட்களில் 80 இலட்சம் விற்ற அந்தக் கருவியின் உற்பத்தி 2017இல் நின்றுபோயிற்று. வீயின் உற்பத்தியும் முன்பே நின்றுவிட்டது. பின்னர் 2019இல் வந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சரில் கையால் அழுத்தவும் இழுக்கவும் ஒரு வளையமும், தொடையில் கட்டிக்கொள்ள ஒரு வாரும் உண்டு. அதுவும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது.

இவ்வளவு விற்றனவே, உடலுக்குப் பலன் உண்டா?

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 13 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2007இல் வெளியிட்டார்கள். உட்கார்ந்து ஆடும் வீடியோ விளையாட்டைவிட, நின்று கைவீசி ஆடும் வீ விளையாட்டுகள் உடலின் சக்தியை மிகுதியாகச் செலவழித்தன. ஆனால் அதே டென்னிசையும் குத்துச்சண்டையையும் மெய்யாகவே ஆடினால் ஆகும் செலவுக்கு அது ஈடாகவில்லை. இதைவிடக் கவனிக்கத்தக்கது 2012இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வு. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஓடியாடும் விளையாட்டுகளையும் மற்றொரு பகுதியினருக்கு உட்கார்ந்தாடும் விளையாட்டுகளையும் வீட்டுக்கே கொடுத்து, இடுப்பில் அசைவுமானி கட்டி, 13 வாரங்கள் கவனித்தார்கள். இரு சாராரின் மொத்த அசைவிலும் வேறுபாடு தென்படவில்லை. திரைக்கு முன் ஓடிய பிள்ளை வேறெங்கோ ஓடாமலிருந்திருக்கலாம். அல்லது புதுமை தீர்ந்ததும் ஒப்புக்கு ஆடியிருக்கலாம். எப்படியாயினும், பெட்டியை வாங்கி வைப்பதனால் மாத்திரம் பிள்ளை சுறுசுறுப்பாகிவிடுவதில்லை. ஏரிக்கரை மணலில் கபடி ஆடும் சிறுவனை வீட்டுக்குள் அழைத்து இதன் முன் நிறுத்துவது, என் கருத்தில், நட்டக் கணக்கே.

அளவு மீறினால் தீங்கும் உண்டு. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் ஒருவர், மணிக்கணக்காக வீ டென்னிஸ் ஆடி மறுநாள் தோள்வலியோடு எழுந்தார். 2007இல் ஒரு மருத்துவ இதழுக்கு அவர் எழுதிய கடிதம் வேடிக்கையாக இருக்கும். வலி மாத்திரையோடு, அவ்விளையாட்டை முற்றிலும் தொடாதிருத்தலே விதித்த பத்தியம் என்கிறார்.

அப்படியானால் இது முற்றிலும் பணக்கார வீட்டுப் பொம்மைதானா என்றால், அன்று. திண்ணையில் அமர்ந்திருக்கும் அந்த முதியவரிடம் நாம் திரும்ப வேண்டும்.

பக்கவாதம் வந்தபின் சோர்ந்த கை மீள்வதற்கு அடிப்படை மருந்து, ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்பச் செய்வதுதான். மூளையின் பழுதுபடாத பகுதிகள் புதிய வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்பதற்கு ஓயாத பயிற்சி வேண்டும். நூறு முறை மணிக்கட்டை மடக்கு, நூறு முறை விரலை விரி என்றால், நான்காம் நாள் யாருக்கும் சலித்துவிடும். இங்கேதான் விளையாட்டு கைகொடுக்கிறது. திரையில் ஒரு பந்தைப் பிடிப்பதற்காகக் கையைத் திருப்புகிறவர், நூறு முறை திருப்பினோம் என்பதை அறியாமலே திருப்பிவிடுகிறார். முன்னேற்றமும் எண்ணிக்கையாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

இங்கும் மிகையாக நம்பிவிடலாகாது. கனடா முதலிய நான்கு நாடுகளில் 141 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையோடு வீ விளையாடினார்கள். மற்றவர்கள் அதே நேர அளவுக்குச் சீட்டாடினார்கள், கட்டை அடுக்கினார்கள், பந்து எறிந்தார்கள். இரண்டு வாரங்களில் இரு பிரிவினரின் கைகளும் தேறின. வீயால் கூடுதல் பலன் ஏதும் காணப்படவில்லை. அவ்வாறே, 2017இல் 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு, கையின் செயலைத் திருத்துவதில் இவ்விளையாட்டுகள் வழக்கமான சிகிச்சையை விஞ்சவில்லை என்றும், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துப் பயிற்சி நேரத்தைக் கூட்டினால் உதவக்கூடும் என்றும் கூறியது. சிகிச்சைக்கு மாற்றாக அன்று, சிகிச்சைக்குத் துணையாகவே என்பது இதன் பொருள். ஒரு வகையில் இது நமக்கு நல்ல செய்தி. பெட்டி வாங்க வசதியில்லாத வீட்டில், சோழியும் பல்லாங்குழியும் இருந்தாலே பாதி வழி நடந்தாயிற்று.

இத்துறையில் நம் மாநிலத்திலேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்ப்பொறியியல் பிரிவும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, புளூட்டோ என்னும் கைப்பயிற்சிக் கருவியை உருவாக்கியுள்ளன. அதன் அமைப்பு விவரம் 2021இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது. வெளிநாட்டு மறுவாழ்வு யந்திரங்கள் பல மோட்டார்களைக் கொண்டவை, அறையை அடைப்பவை, விலையும் எட்டாதது. இவர்களோ ஒரே ஒரு மோட்டாரை வைத்து, அதன்மேல் தேவைக்கேற்பக் கைப்பிடிகளைக் கழற்றி மாட்டும்படி செய்தார்கள். ஒரு பிடி மணிக்கட்டை மடக்கி நிமிர்த்தும். ஒன்று முன்கையைத் திருப்பும். ஒன்று விரல்களை விரித்து மூடும். நோயாளி தன் கையை அசைத்துத் திரையில் விளையாட்டை ஆடுவார். தானே அசைக்க இயலாத இடத்தில் மோட்டார் துணை செய்யும். கடையில் விற்கும் விளையாட்டுப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். பெட்டி நன்றாக அசையும் கையையே எதிர்பார்க்கிறது. புளூட்டோ அசையாத கைக்கென்று வகுக்கப்பட்டது. விசைநாடாவின் கயிற்றைப் பற்றி இழுப்பதற்கும், அறுந்த இழையைப் பிணைப்பதற்கும், வலைக்கண் முடைவதற்கும் வேண்டியவை இதே அசைவுகள்தாம் என்பதை நெசவாளரும் மீனவரும் சொல்லாமலே உணர்வார்கள்.

இனிப் பழவேற்காட்டு வீடுகளுக்கு வருவோம். கினெக்ட் போன்ற கருவிக்கு, ஆடுபவர் ஒருவரேயானாலும் ஏறத்தாழ 6 அடி தள்ளி நிற்க வேண்டும். கையை விரிக்கவும் இடம் வேண்டும். வலையும் பாத்திரமும் பாயும் அடுக்கிய ஓரறை வீட்டில் அந்த ஆறடி எங்கே கிடைக்கும்? உப்புக்காற்று ஒரு புறம் இருக்கிறது. தகரத்தையும் ஆணியையும் தின்னும் அக்காற்று மின்கருவிகளின் பொருத்துமுனைகளை விட்டுவைப்பதில்லை. பழுது பார்ப்பவரைத் தேடிப் பொன்னேரிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். உற்பத்தி நின்ற பழைய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்குவோர் உதிரிபாகம் கிடைக்குமா என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சங்கக் கட்டடத்திலோ ஊர்ப் பொது மண்டபத்திலோ ஒரே ஒரு பெட்டியை வைத்துப் பல குடும்பங்கள் ஆடுவதென்றால் கணக்கு மாறும். முறை வைத்துக்கொள்வது இங்கே புதிதன்று. ஏரியில் வலை கட்டும் இடங்களை ஆள்மாற்றி நாள்மாற்றிப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ வழக்கத்தைத் தலைமுறைகளாகக் காத்துவரும் மக்கள், ஒரு பெட்டிக்கு முறை வகுக்கத் திணறமாட்டார்கள். பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினாலொழிய அவர்கள் வரமாட்டார்கள் என்பதை மாத்திரம் முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும்.

பெட்டியே இல்லாத வழியும் உண்டு. சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார், வளரிளம் பெண்களுக்கென்று ‘தாண்டவ்’ என்ற 10 நிமிட நடனப் பயிற்சியை வகுத்திருக்கிறார்கள். பாட்டுக்கு ஏற்ப விரைந்து ஆடி, சற்றே தணிந்து, மீண்டும் விரைவது அதன் முறை. சிறிய இடம் போதும்; கருவி எதுவும் வேண்டாம். நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உள்ளது என்று 2023இல் வெளியான பேராய்வை நடத்தியதும் இந்நிறுவனமே. முதிர்ந்தோருக்கு வாரம் 150 நிமிட நடுத்தர உழைப்பாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை, கூடை முடையும் பெண்கள் நாளுக்கு 20, 25 நிமிடமாகப் பகுத்துக்கொண்டால், பாட்டு ஒன்றே அவர்களுக்குப் போதிய யந்திரம்.

பக்கவாதத்தால் கை சோர்ந்தவர் வீட்டில் செய்ய வேண்டிய முதற்காரியம் கடைக்குப் போவதன்று. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் மட்டுமன்றி, இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வந்து அளிக்க ஏற்பாடுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொண்டு, வருகின்ற இயன்முறைச் சிகிச்சையாளரிடம் எந்த அசைவை எத்தனை முறை செய்ய வேண்டும் என்று கேட்டறிய வேண்டும். அதன்பின், விளையாட்டுப் பெட்டியோ பல்லாங்குழியோ, கையிலிருப்பதைக் கொண்டு அந்த எண்ணிக்கையை நிறைவு செய்யலாம். நின்று ஆடும் விளையாட்டானால், பக்கத்தில் சாயாத நாற்காலி ஒன்றும் தாங்கிப் பிடிக்க ஓர் ஆளும் இருத்தல் வேண்டும். இவையின்றித் தனியே ஆடவிடலாகாது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் கைக்குத் தேடிய சுகமும் போய்விடும். நாள்தோறும் செய்த தடவைகளைப் பிள்ளைகளில் ஒருவர் நோட்டில் குறித்து வரலாம். அடுத்த முறை சிகிச்சையாளர் வரும்போது அவர் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.