இடம் மாறிய கோப்புகளும் எழ மறுக்கும் கணிப்பொறியும்

மதுரையைச் சூழ்ந்த கிராமங்களுக்குக் கணிப்பொறி புதிய சாதனமன்று. 2001ஆம் ஆண்டிலேயே சென்னை ஐ.ஐ.டி.யும், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகிய கல்வி நிறுவனங்களும் கூடி மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்னும் திட்டத்தைத் தொடங்கின. கம்பியில்லாத் தொலைபேசி இணைப்பின் வழியாகக் கிராமங்களில் கணிப்பொறி நிலையங்கள் அமைப்பது அதன் நோக்கம். அந்நிலையங்களுள் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. காரணங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரையொன்று, வருவாய் போதாமையை முதன்மையாகக் குறிப்பிடுவதோடு, பயிற்சி பெற்ற நடத்துநரும் பழுது நீக்கும் உதவியும் வாய்த்த நிலையங்கள் கூடுதல் காலம் நிலைத்தன என்றும் கூறுகிறது. இந்தப் பிற்பகுதியே நமது கவனத்துக்கு உரியது.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினால், மாணவர் உள்ள பல விவசாயக் குடும்பங்களிலும் கணிப்பொறி குடிபுகுந்தது. படிப்பு முடிந்த பின்னரும் அது சும்மா இருப்பதில்லை. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு அனுப்பிய மல்லிகையின் கணக்கு, கடன் தவணைக் குறிப்பு, பட்டாவின் நிழற்படம், பஞ்சாயத்து உறுப்பினர் வீடாயின் கிராமசபைத் தீர்மானங்களின் நகல் ஆகிய யாவும் அதனுள் சேர்கின்றன. ஒரு நாள் காலை அது எழ மறுத்தால், வீட்டாருக்கு உண்டாகும் கலக்கத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாறு எழ மறுப்பதற்குரிய காரணங்களுள் ஒன்று, வீட்டார் அறியாமற் செய்யும் ஒரு காரியமேயாகும். 'சி' என்னும் பகுதி நிறைந்துவிட்டது என்று யந்திரம் எச்சரிக்கிறது. இடம் ஒழிக்கக் கருதிய இளைஞர், பெயர் விளங்காத சில கோப்புகளை 'டி' பகுதிக்கு நகர்த்திவிடுகிறார். அனுமதி தரவா என்று யந்திரம் ஒருமுறை கேட்கத்தான் கேட்கும். அவசரத்தில் அதனை யார் படிக்கிறார்கள்? அடுத்த முறை பொத்தானை அழுத்தும்போது கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் தோன்றுகிறது. பழைய எக்ஸ்.பி. யந்திரங்களில் 'என்டிஎல்டிஆர்' காணவில்லை என்றும், விண்டோஸ் 7 உடையவற்றில் 'பூட்எம்ஜிஆர்' காணவில்லை என்றும் அவ்வரி கூறும்.

இங்கு நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ளுதல் அவசியம். கிராம நிர்வாக அலுவலரின் அறையில் அடங்கல் பதிவேடு ஒரு பீரோவின் இரண்டாம் தட்டில் இருப்பது வழக்கம். யாரோ அதனை வேறு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால், பதிவேட்டில் ஓர் எழுத்தும் அழிந்துவிடவில்லை. ஆயினும் வழக்கமான இடத்தில் கை வைத்துப் பார்ப்பவருக்கு அது இல்லாததற்குச் சமமே. கணிப்பொறியும் அவ்வாறுதான். மின்சாரம் பாய்ந்தவுடன், தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல் விழித்து, வன்தட்டில் குறித்த ஓரிடத்தில் தொடக்கக் கோப்பைத் தேடும். அக்கோப்பு அடுத்ததை அழைக்கும். அது அதற்கடுத்ததை அழைக்கும். ஒவ்வொன்றும் மற்றொன்றை விலாசத்தைக் கொண்டே அறியும். விலாசம் மாறினால் சங்கிலி அறுபடும். ஆனால், கணக்கும் படமும் தீர்மானமும் வன்தட்டில் இருந்தபடியே இருக்கின்றன.

இதனை அறியாத காரணத்தால், யந்திரத்தைப் பேருந்தில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுசென்று, 'ஃபார்மட்' செய்துவிடலாம் என்று கூறுவோரிடம் பலர் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஃபார்மட் என்பது வன்தட்டை வெறுமையாக்கிப் புதிதாகத் தொடங்குவது. அரைமணி நேர வேலையாதலின் பழுதுபார்ப்போருக்கு அது வசதி. பல ஆண்டுக் கணக்கை இழப்பவரோ உடையவர். அதனைக் கடைசி வழியாகக் கொள்ள வேண்டுமேயன்றி முதல் வழியாகக் கொள்ளலாகாது என்பது நமது உறுதியான கருத்து.

தவறு நேர்ந்ததை உடனே உணர்ந்து, யந்திரமும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அதனை நிறுத்தவே கூடாது. 'கன்ட்ரோல்' விசையுடன் 'இசட்' விசையை அழுத்தினால், கடைசியாகச் செய்த நகர்த்தல் பெரும்பாலும் தானே திரும்பிவிடும்.

யந்திரம் நின்றுவிட்டதாயின் வேறு வழியில் செல்ல வேண்டும். விண்டோஸ் 10, 11 ஆகியவை, தொடக்கம் இரண்டு மூன்று முறை தடைப்பட்டதும் பழுதுநீக்கும் திரையைத் தாமே காட்டும். விண்டோஸ் 7இல் தொடக்கத்தின்போது 'எஃப் 8' விசையை அழுத்தி அத்திரையைப் பெறலாம். அதுவும் தோன்றாவிடில், வேறொரு கணிப்பொறியின் உதவியால் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே தொடக்கப் பழுதுநீக்கத்தை முதலிலும், முன்னரே பதிவான மீட்புப் புள்ளி இருந்தால் அதனை அடுத்தும் முயலலாம். மீட்புப் புள்ளி சொந்த ஆவணங்களைத் தொடுவதில்லை. ஆதலின் அச்சம் வேண்டா.

இவற்றால் பயனில்லையெனில் கோப்பை நாமே பழைய இடத்தில் வைக்கலாம். அதே திரையில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'நோட்பேட்' என்று தட்டச்சு செய்தால் எழுதும் பலகை தோன்றும். அதன் 'ஓப்பன்' கட்டத்தில் எல்லா வகைக் கோப்புகளையும் காட்டுமாறு தேர்ந்துகொண்டால், வன்தட்டு முழுவதையும் பார்வையிடலாம். இடம் மாறிய கோப்பை அங்கிருந்தே பிரதியெடுத்து உரிய இடத்தில் ஒட்டலாம். இந்நிலையில் 'சி' பகுதி 'டி' என்று பெயர் மாறித் தோன்றுவதுண்டு. உள்ளேயுள்ள கோப்புறைகளைப் பார்த்தே அடையாளம் காண வேண்டும்.

மற்றொரு வழி நமது மாநிலத்துக்கு மிகவும் பொருத்தமானது. தொடக்க ஆண்டுகளில் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அதனை அழிக்காமல் வைத்திருப்போர் பாக்கியசாலிகள். விண்டோஸ் எழாத நாளில் பாஸைத் தொடங்கி, சுட்டியால் இழுத்தே கோப்புகளைப் பழைய இடத்தில் சேர்த்துவிடலாம். பாஸ் இல்லாதோர் 'உபுண்டு' போன்ற லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டில் நிறுவாமலே இயக்கலாம். எதுவும் கைகூடாவிடினும், ஆவணங்கள் யாவற்றையும் வெளித்தட்டு ஒன்றில் பிரதியெடுக்க இவ்வழி உதவும். அதன் பின்னரே ஃபார்மட் பற்றிய பேச்சு எழ வேண்டும்.

புதிய யந்திரம் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றுள் பலவற்றில் வன்தட்டு பூட்டப்பட்ட நிலையிலேயே வருகிறது. பழுதுநீக்கும் நேரத்தில் அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கும். அவ்வெண் யந்திரத்தை முதலில் பதிவு செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருப்பதே வழக்கம். எண் இல்லையேல் மேற்கூறிய எவ்வழியும் பயன்படாது. ஆதலின் அதனை இப்போதே ஒரு தாளில் எழுதி, ரேஷன் அட்டை வைக்கும் இடத்தில் வைத்துக்கொள்க.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தனியே கருத வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடு முறையை ஏற்பதற்கு முன்னர், 'வானவில்' போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தீர்மானங்களும் அறிக்கைகளும் அலுவலகங்களில் ஏராளம். அதன் பின்னரும் அப்பழக்கம் உடனே மறையவில்லை. யந்திரத்தைப் புதுப்பிக்கும்போது அவ்வெழுத்துரு நீங்கிவிட்டால், கோப்பு பத்திரமாக இருந்தும், திறந்தவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே காட்சியளிக்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று எண்ணி அதனை அழித்துவிடுவோரும் உளர். எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் அப்படியே திரும்பிவிடும். எனவே ஆவணங்களைப் பிரதியெடுக்கும்போது, விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' பகுதியிலிருந்து அவ்வெழுத்துருக்களையும் சேர்த்தெடுக்குமாறு பழுதுபார்ப்பவரிடம் சொல்ல வேண்டும். விண்டோஸ் பென்டிரைவ் ஒன்றும், லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றும் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்குமாயின், ஊரில் எந்த வீட்டு யந்திரம் நின்றாலும் உதவும். இரண்டுக்கும் எட்டு ஜி.பி. கொள்ளளவு போதுமானது, அவற்றின் மேல் பெயரெழுதிய சீட்டு ஒட்டிவைக்க மறவாதீர்கள்.