விஸ்வநாத்தை உயர்த்தும் புதுக் கணக்கு!
வெங்கட்டுக்கு மட்டும் ஏன் இறக்கம்?

குண்டலுபேட்டை வழியாகப் போய் வருகிறவர்களுக்கு இந்த ஊரின் இரவு தெரிந்திருக்கும். பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009-ம் ஆண்டு முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. 9 மணிக்கு கேட்டை மூடினால் மறுநாள் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். ஊட்டிக்கும் கூடலூருக்கும் போக வேண்டிய லாரிகள் சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கும். டிரைவர், கிளீனர், தோட்ட வேலைக்கு வந்தவர், மண்டியில் கணக்கு எழுதுகிறவர் என்று நம்மவர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கிரிக்கெட்டில் வந்து நிற்கும். பக்கத்து பெஞ்சில் மைசூர்க்காரர் ஒருவர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "எங்கள் விஸ்வநாத்", "எங்கள் சந்திரசேகர்" என்று அவர் ஆரம்பிப்பார். "எங்கள் வெங்கட்ராகவன்" என்று நம்மவர் எழுவார்.

முன்பெல்லாம் இந்த வழக்குக்குத் தீர்ப்பே கிடையாது. குரல் உயர்ந்தவர் ஜெயித்தார். இப்போது எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிறது. தட்டினால் 50 வருடத்துக் கணக்கு வந்து விழுகிறது. அதுவும் பழைய கணக்கு அல்ல, ஆட்டத்தைப் பல கோணத்தில் அலசிப் பார்க்கும் புதுக் கணக்கு. அதில் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் ஏறியிருக்கிறார்கள், சிலர் இறங்கியிருக்கிறார்கள்.

மூன்று ரன்னில் போன சதம்

முதலில் ஜி.ஆர்.விஸ்வநாத். பத்ராவதியில் பிறந்த குள்ளமான மனிதர். 1969-ல் கான்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். முதல் இன்னிங்சில் 0, அடுத்த இன்னிங்சில் 137! மொத்தம் 91 டெஸ்ட், 6,080 ரன், 14 சதம். சராசரி 41.93.

அவருடைய மைத்துனர் கவாஸ்கரின் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். 125 டெஸ்ட், 10,122 ரன், 34 சதம், சராசரி 51.12. பேரேட்டில் இந்த இரண்டு வரியை மட்டும் பார்க்கிறவர், கவாஸ்கர் பெரிய முதலாளி, விஸ்வநாத் நடுத்தர வியாபாரி என்றுதான் சொல்லுவார். ஆனால் ஆட்டத்தை நேரில் பார்த்த பழைய ரசிகர்கள் அப்படிச் சொன்னதே இல்லை. கவாஸ்கரே தன் மகனின் பெயரில் விஸ்வநாத்தின் பெயரையும் ஒட்டி வைத்தார் என்றால் பாருங்களேன்!

ரசிகர்கள் சொன்னதற்கு எண்ணில் ஆதாரம் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. 1975 பொங்கல் சமயம். சென்னை சேப்பாக்கத்தில் மேற்கு இந்தியத் தீவு அணியோடு 4-வது டெஸ்ட். ஆண்டி ராபர்ட்சின் பந்து தீயாக வந்தது. அவருக்கு 64 ரன்னில் 7 விக்கெட். காயம் காரணமாகக் கவாஸ்கர் ஆடவில்லை. இந்தியா 190 ரன்னில் சுருண்டது. அந்த 190-ல் 97 ரன் விஸ்வநாத்துடையது. மற்ற 10 பேரும் உதிரி ரன்னும் சேர்ந்து 93-தான். கடைசி ஆட்டக்காரர் சந்திரசேகர் அவுட் ஆனபோது, சதத்துக்கு 3 ரன் குறைவாக, ஆட்டம் இழக்காமல் நின்றார் விஸ்வநாத். அந்த டெஸ்டில் இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது.

பழைய கணக்கில் இந்த 97-க்கு என்ன மரியாதை? சதங்களின் பட்டியலில் இடம் இல்லை. வறண்ட ஆடுகளத்தில் சோர்ந்த பந்து வீச்சாளர்களை அடித்து எடுத்த சதத்துக்கு இருக்கும் இடம்கூட இதற்கு இல்லை.

2001-ல் விஸ்டன் நிறுவனத்தார் டெஸ்ட் வரலாற்றின் தலைசிறந்த 100 இன்னிங்ஸ்களைக் கணக்கிட்டு வரிசைப்படுத்தினார்கள். யார் பந்து வீசினார்கள், ஆடுகளம் எப்படி, அணியின் மொத்த ரன்னில் இவர் பங்கு எவ்வளவு, ஆட்டத்தின் முடிவு என்ன என்பதற்கெல்லாம் மதிப்பெண். சேப்பாக்கம் 97-க்கு 38-வது இடம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சதங்களைத் தள்ளிவிட்டு முன்னே வந்து நின்றது, சதமாகாத ஓர் ஆட்டம்!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விஸ்வநாத் சதம் அடித்த எந்த டெஸ்டிலும் இந்தியா தோற்றதில்லை. 14 சதத்தில் ஒன்றுகூட வீண் போகவில்லை. பலர் பெரிய சதம் அடித்து அணி தோற்ற கதையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வாட்ச்மேன் போட்ட பாதை

இந்த மாதிரிக் கணக்குக்குப் பெரிய ஊக்கம் கொடுத்தது கிரிக்கெட் அல்ல, அமெரிக்காவின் பேஸ்பால். கன்சாஸ் மாநிலத்தில் பில் ஜேம்ஸ் என்பவர் டின் உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலை பார்த்தவர். 1977-ல் தன் கணக்குகளைத் தானே சிறு புத்தகமாகப் போட்டு விற்றார். நம் சராசரி மாதிரியே அங்கேயும் ஒரு பேட்டிங் சராசரி உண்டு. நல்ல பந்துக்குக் காத்திருந்து, நாலு தப்புப் பந்தை விட்டுவிட்டு, இலவசமாக முதல் தளத்துக்குப் போகிறவருக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. எப்படியோ தளத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா இல்லையா, அதுவல்லவா ரன் ஆகிறது என்று கேட்டார் ஜேம்ஸ். பண்டிதர்கள் சிரித்தார்கள். 2003-ல் பாஸ்டன் அணி அவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. இரவு ஷிப்டு பார்க்கிற நம்மவர்கள் கவனிக்கவும்!

விக்கெட்டைவிட ரன் குறைவு

அடுத்து பி.எஸ்.சந்திரசேகர், மைசூர்க்காரர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலது கை. அந்தக் கையாலேயே வேகமாகச் சுழற்றிப் போட்டவர். 58 டெஸ்டில் 242 விக்கெட். பேட் பிடித்து எடுத்தது 167 ரன். எடுத்த விக்கெட்டைவிட அடித்த ரன் குறைவு என்று கேலி செய்வார்கள்.

அந்தக் காலத்தில் அவர்மேல் ஒரு புகார் உண்டு. நல்ல நாளில் நல்லவர், கெட்ட நாளில் ரன்னை வாரி வழங்குவார் என்பது. பேடியோடு ஒப்பிட்டால் ஓவருக்கு அரை ரன்னுக்கு மேல் அதிகம் கொடுத்தவர்தான். சிக்கனமே பெருமை என்றிருந்த காலம் அது. புதுக் கணக்குக்காரர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: ஒரு விக்கெட் எடுக்க எத்தனை பந்து?

சந்திரசேகருக்கு 66 பந்து, அதாவது 11 ஓவர். பிரசன்னாவுக்கு 76. பேடிக்கு 80. நம் வெங்கட்ராகவனுக்கு 95. பின்னால் 619 விக்கெட் எடுத்த கும்ப்ளேக்கும் 66 பந்துதான்! சராசரியும் ஏறத்தாழ ஒன்றே, சந்திரசேகருக்கு 29.74, கும்ப்ளேக்கு 29.65. ஒருவரை நம்பகமானவர் என்றோம், இன்னொருவரை லாட்டரி என்றோம்.

அவர் ஆடி இந்தியா ஜெயித்த டெஸ்ட்கள் 14. அவற்றில் மட்டும் 98 விக்கெட், சராசரி 19.27. ஜெயித்த ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் தலா 7 விக்கெட். 1971-ல் ஓவல் மைதானத்தில் 38 ரன்னில் 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101-க்குள் மடக்கியதும் இதில் அடக்கம். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவுக்கு முதல் வெற்றி அதுதான்.

நம்மவர் நிலை

டீக்கடையில் நம் ஆட்கள் வாய் அடைத்துப் போகிற இடம் இது. எஸ்.வெங்கட்ராகவன் 57 டெஸ்டில் 156 விக்கெட், சராசரி 36.11. நாலு சுழற்பந்து வீச்சாளர்களில் கடைசி. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்று பார்த்தாலும் கடைசிதான். தமிழர் என்பதற்காக எண்ணை மாற்ற முடியாது.

ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று கேட்கலாம். அவரும் பிரசன்னாவும் ஒரே வகைச் சுழல். ஒருவருக்கு இடம் என்றால் மற்றவர் தண்ணீர் தூக்க வேண்டும். நால்வர், நால்வர் என்று இன்றும் பேசுகிறோமே, அந்த நாலு பேரும் சேர்ந்து ஆடியது 1967-ல் பர்மிங்காமில் ஒரே ஒரு டெஸ்டில்தான். 1974 டிசம்பரில் டெல்லி டெஸ்டில் வெங்கட் இந்தியாவின் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்டில் 12-வது ஆள்! இன்று மேஸ்திரி, நாளை வேலை இல்லை என்றால் எந்தத் தொழிலாளிக்குத்தான் கை ஓடும்?

வாய்ப்பு வந்த நாளில் அவர் என்ன செய்தார்? 1965-ல் டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட். 1971-ல் மேற்கு இந்தியத் தீவில் இந்தியா முதல் முறையாக ஜெயித்தபோது, இரண்டாவது இன்னிங்சில் 5 விக்கெட். அந்தத் தொடர் முழுக்க 22 விக்கெட், இந்தியர்களில் அவரே அதிகம். பேட் பக்கத்தில் நின்று பிடித்த கேட்ச்கள் பேடி, சந்திரசேகர் பெயரில் விக்கெட்டாக ஏறின. இதே வேலையில் கெட்டிக்காரரான சோல்கர் 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தார். பந்து வீசியவரின் கணக்கில் இவர்களுக்கு ஒரு பைசா பங்கு கிடையாது.

எந்தக் கட்டத்திலும் எழுத முடியாத காரியமும் உண்டு. 1980 பம்பாய் பொன்விழா டெஸ்டில் விஸ்வநாத் கேப்டன். இங்கிலாந்து 5 விக்கெட் இழந்து தடுமாறியபோது பாப் டெய்லர் அவுட் என்று நடுவர் கையைத் தூக்கிவிட்டார். பந்து பேட்டில் படவில்லை என்று சொல்லி விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. கணக்குப்படி அது நஷ்டம்.

வாசலிலேயே நின்றவர்கள்

அமெரிக்காவில் 2024-ல் ஒரு மாற்றம் நடந்தது. கறுப்பர்களைப் பெரிய பேஸ்பால் அணிகளில் சேர்க்காத காலத்தில் அவர்கள் தனியாக ஆடிய போட்டிகளின் கணக்கையும் பிரதானக் கணக்கோடு சேர்த்தார்கள். உடனே முதல் இடத்தில் இருந்த டை காப் இறங்கினார். 1947-ல், 35 வயதில் இறந்துபோன ஜாஷ் கிப்சன் .372 என்ற சராசரியோடு மேலே வந்தார். இருக்கும்போது கிடைக்காத இடம் 77 வருடம் கழித்துக் கிடைத்தது.

நம் பக்கத்தில் ரஞ்சி கணக்கைப் புரட்டினால் இப்படி வாசலில் நின்றவர்கள் தெரிவார்கள். அரியானாவின் ராஜிந்தர் கோயல் ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட். ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. சென்னையின் வி.வி.குமார் முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட், சராசரி 20-க்கும் கீழே. 1961-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் டெஸ்டிலேயே ஒரு இன்னிங்சில் 5 விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக விக்கெட் விழவில்லை. பிறகு 16 வருடம் ரஞ்சி ஆடியும் கூப்பிட்டவர் இல்லை. டெஸ்ட் பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே இருப்பது 2 ஆட்டம், 7 விக்கெட்.