இயங்கவிட்டு அறிதல்

நுழையும்முன்

ஒருவரின் இயல்பை அவர்தம் செயல்களே காட்டும். கணினி மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

மென்பொருள் அறியும் வழிகள்

மனிதர் படிக்கத்தக்க வடிவில் எழுதப்படும் கட்டளைத் தொகுதி மூலநிரல் எனப்படும். கணினி இயக்கும் வடிவுக்கு மாறியபின் அது எண்களின் நீண்ட தொடராகிவிடும். மூலநிரல் கிடைக்காதபோது, அவ்வெண்களிலிருந்து கட்டளைகளைப் பிரித்துப் படிப்பது ஒரு வழி. மென்பொருளை இயங்கவிட்டு அதன் செயல்களைக் கண்காணிப்பது மற்றொரு வழி. இதனை இயங்குநிலைப் பகுப்பாய்வு என்பர்.

தீங்கு செய்யும் நிரலைப் பிற கணினிகளுக்குப் பரவாதவாறு, தனித்த மெய்நிகர்க் கணினியில் இயக்குவர். அது எக்கோப்பைத் திறக்கிறது, எதனை மாற்றுகிறது, எந்த இணைய முகவரியை நாடுகிறது என்பன பதிவு செய்யப்படும். ஆய்வு முடிந்ததும் அக்கணினியைப் பழைய நிலைக்கு மீட்டுவிடலாம்.

ஒரு முகவரி தந்த விடை

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைத் திறக்க இயலாதவாறு மறைக்குறியாக்கம் செய்து, அவற்றை விடுவிக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல முடங்கின. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ் அத்தீநிரலைத் தம் ஆய்வுச்சூழலில் இயக்கினார். அது எவரும் பதிவு செய்திராத ஓர் இணைய முகவரியை நாடுவதைக் கண்டார். பரவலைக் கண்காணிக்கும் நோக்கில் அம்முகவரியைத் தாமே பதிவு செய்தார். பரவல் தணியத் தொடங்கியது. காரணம் அப்போது அவருக்கே விளங்கவில்லை.

பின்னர்த் தீநிரலை மீண்டும் இயக்கினார். கோப்புகளுக்கு ஊறு நேரவில்லை. அம்முகவரியை எட்ட இயலாதவாறு கணினியின் அமைப்பை மாற்றி மறுபடியும் இயக்கினார், கோப்புகள் பூட்டப்பட்டன. ஒரே நிரல், ஒரே கணினி. மாறியது ஒரு நிலைமை மட்டுமே. முகவரி விடையளித்தால் தீநிரல் தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்ளும் என்பது இதனால் உறுதியாயிற்று. எனினும், முன்பே பூட்டப்பட்ட கோப்புகளை இக்கண்டுபிடிப்பு மீட்டுத் தரவில்லை.

முறையின் எல்லை

ஓர் இயக்கத்தில் வெளிப்படாத செயல் வேறொரு சூழலில் வெளிப்படலாம். தாம் கண்காணிக்கப்படுவதை உணர்ந்து அடங்கியிருக்கும் தீநிரல்களும் உள்ளன. ஆகவே, ஒருமுறை கண்டதையே முழு உண்மை எனக் கொள்ளாமல், சூழலை மாற்றி மாற்றி இயக்குவதும், கட்டளைகளைப் படித்து ஒப்பிடுவதும் தேவையாகின்றன. உற்றுநோக்கலும் ஐயமும் சோதனையும் இணையும்போதே மென்பொருளின் உள்ளியல்பு புலப்படுகிறது.