படிப்பா, ஸ்குவாஷா? சிவசங்கரி இரண்டையும் விடாத கதை

"எஸ்.பி.எம். வருதுல்ல, மட்டையை உள்ளே எடுத்து வை." கிள்ளான்லயோ பிரிக்ஃபீல்ட்ஸ்லயோ வளர்ந்தவரா நீங்க? அப்படின்னா இதை ஒருமுறையாவது கேட்டிருப்பீங்க. விளையாட்டு சோறு போடுமா என்ற பெற்றோரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் படிப்பு, விளையாட்டு இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமா? ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியத்தின் பாதையைப் பார்ப்போம்.

யார் இவர்?

1999-இல் கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணியில் பிறந்தவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், 19 வயதிலேயே பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். எதிரே நின்றவர் எட்டு முறை உலக வெற்றியாளரான நம் நிக்கோல் டேவிட். தங்கம் நிக்கோலுக்கு, வெள்ளி சிவசங்கரிக்கு. அடுத்த ஆண்டே நிக்கோல் ஓய்வு பெற்றார். அவர் விட்ட இடத்தை யார் பிடிப்பார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிவசங்கரி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

அதில் என்ன ரிஸ்க்?

உலகத் தரவரிசைப் புள்ளிகள் வங்கியில் போட்ட பணம் மாதிரி அப்படியே இருக்காது. ஒரு போட்டியில் கிடைத்த புள்ளி ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும். தொடர்ந்து விளையாடாவிட்டால் தரவரிசை இறங்கும். இறங்கினால் பெரிய போட்டிகளில் நேரடி இடம் கிடைப்பதே சிரமம்.

ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஸ்குவாஷ் வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஒவ்வோர் அணியிலும் ஒன்பது பேர் மோதும் கடுமையான போட்டித் தொடர் அங்கே நடக்கிறது. அதனால் படிக்கும் காலத்திலும் ஆட்டம் துருப்பிடிக்காது.

ஒரு விஷயம் கவனியுங்க. கார்னெல் ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் ஒன்று. ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று தனி உபகாரச் சம்பளம் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் நிதியுதவி தருவார்கள். அதாவது, மட்டையை மட்டும் நம்பி அங்கே போக முடியாது, மதிப்பெண்ணும் வேணும்.

அப்புறம் என்ன ஆச்சு?

2022-இல் பட்டம் வாங்கினார். இனி முழுநேர ஆட்டம்தான் என்று இருந்த நேரத்தில், ஜூன் மாதம் ஒரு கார் விபத்து. கழுத்து எலும்பில் முறிவு. அடுத்த மாதம் தொடங்கவிருந்த பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டி கைநழுவிப் போனது. ஸ்குவாஷில் நொடிக்கு நொடி குனியணும், திரும்பணும், பாயணும். கழுத்தில் அடிபட்டவர் மறுபடி களத்தில் இறங்குவதே பெரிய விஷயம்.

ஆனால் ஏறக்குறைய 15 மாதங்களில், 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கத்தை வென்றார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நிக்கோலிடம் விட்ட அதே தங்கம். 2024-இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் இறுதியில் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை ஐந்து செட் போராடி வீழ்த்தினார். உலகின் முதல் பத்து இடங்களுக்குள்ளும் நுழைந்தார்.

இப்போது ஏன் பேசணும்?

ஹாங்சோவில் அவர் தங்கம் வென்ற அதே மாதம், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷைச் சேர்க்க அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் ஒப்புதல் தந்தது. இந்த விளையாட்டுக்கு ஒலிம்பிக்கில் இதுதான் முதல் முறை. நிக்கோல் டேவிட்டுக்கே கிடைக்காத வாய்ப்பு இது. அப்போது சிவசங்கரிக்கு வயது 29.

சரி, உங்களுக்கு இதில் என்ன?

எல்லாரும் சிவசங்கரி ஆகிவிட முடியாது. ஆனால் அந்த விபத்தை இன்னொரு முறை யோசித்துப் பாருங்க. ஒருவேளை கழுத்து குணமாகாமலே போயிருந்தாலும், அவர் கையில் ஒரு பட்டம் இருந்தது. அம்மா அப்பா பயப்படுவது அந்த "ஒருவேளை"க்குத்தான். அதற்கு உங்களிடம் பதில் இருந்தால், மட்டையை உள்ளே வைக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்றைக்கு இரவு சாப்பிடும்போது வீட்டில் பேசிப் பாருங்களேன்.