கடலை எண்ணெயும் டீசல் எஞ்சினும்

1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஒரு சிறு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிற்று. வந்தவர்களுள் மிகச் சிலரே அதை அறிந்தனர் என்று, எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசலே பின்னர்க் குறிப்பிட்டார். அவ்வாறாயின், எண்ணெய் வித்து விளைவிக்கும் நம் உழவர் டீசலுக்குக் காசு கொடுப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். கணக்குப் பார்த்தே விடை கூற விரும்புகிறேன்.

பாசன வசதியுள்ள ஓர் ஏக்கரில் 1,000 கிலோ கடலைக்காய் கண்டதாகக் கொள்வோம். தோல் நீக்கினால் 700 கிலோ பருப்பு தேறும். அதை ஆட்டினால் ஏறக்குறைய 300 லிட்டர் எண்ணெயும் 400 கிலோ பிண்ணாக்கும் கிடைக்கும். ஓர் ஏக்கரை ஒருமுறை உழுதற்கு டிராக்டருக்கு நாலைந்து லிட்டர் போதுமன்றோ? ஆகவே அளவில் குறையில்லை, குறை விலையிலேதான். 2024ஆம் ஆண்டில் கடலை எண்ணெயின் கடைவிலை டீசல் விலையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. வணிகர் லாபத்தைக் கழித்தாலும், எண்ணெயை விற்று டீசல் வாங்குகிறவருக்கே ஆதாயம். அடுப்பங்கரை கொடுக்கும் விலையை எஞ்சின் கொடுக்காது. பிண்ணாக்கு இரு வழியிலும் மாட்டுக்கே போகிறது. அதனால் கணக்கு மாறுவதில்லை.

பழுதுச் செலவு வேறு. தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டியானது. அதை அப்படியே ஊற்றி நெடுநாள் ஓட்டினால் எண்ணெய் பீச்சும் முனைகளில் கரி படியும். மெதனாலும் காரமும் சேர்த்துக் கிளிசரினைப் பிரித்துவிட்டால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். ஆனால் மெதனாலை உழவர் விலைக்கல்லவா வாங்கவேண்டும்!

உண்ணத் தகாத எண்ணெய் உதவுமெனக் காட்டாமணக்கை நம்பினார்கள். 2009இல் வெளியான தேசியக் கொள்கை, 2017க்குள் நூற்றுக்கு இருபது பங்கு கலப்பு என்று இலக்கு வகுத்தது, அது கைகூடவில்லை. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் அதை நட்டவர்கள் கண்டது இதுதான்: நீரின்றி விளைச்சல் இல்லை, நீர் இருந்தாலோ வேறு பயிர் மேல்.

புங்கத்தின் கதை சற்று வேறு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்தோர் 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கர்நாடகக் கிராமப்புறத்தில் புங்க எண்ணெயால் எஞ்சின் ஓட்டி நீர் இறைத்துக் காட்டினர். வரப்பிலும் சாலையோரத்திலும் நிற்கும் மரத்துக்குத் தனி நிலம் வேண்டாம். பிண்ணாக்கோ வயலுக்கு எருவாகும். ஆயினும் கொட்டை பொறுக்கும் கூலி மிகுந்தால் அந்தக் கணக்கும் சாயும். வேலையற்ற கோடை நாளில் வீட்டாரே பொறுக்குமிடத்தில்தான், என் கணிப்பில், அது நிற்கும்.