உங்களுக்குத் தெரியுமா? பினாங்கின் ஜார்ஜ் டவுன்

மலேசியாவின் பினாங்குத் தீவில் 1786-இல் துறைமுகமாகத் தொடங்கிய ஊர் ஜார்ஜ் டவுன். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகியவை இங்கே சில நிமிட நடைத் தொலைவில் அமைந்துள்ளன.

பழைய வீடுகள் பெரும்பாலும் கீழே கடை, மேலே குடியிருப்பு என்ற அமைப்பு கொண்டவை. முகப்பு குறுகல், உள்ளே நீளம் அதிகம். வெளிச்சமும் காற்றும் நடுவிலுள்ள திறந்த முற்றம் வழியாக வரும். கடைகளின் முன்னால் தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைபாதை வெயிலிலும் மழையிலும் நடப்போருக்குக் காப்பு.

இவ்வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே தங்க முடிந்ததற்கு முக்கியக் காரணம் வாடகைக் கட்டுப்பாடு. 1948-க்கு முற்பட்ட கட்டடங்களுக்கு வாடகை குறைவாகவே இருந்தது. 2000-இன் தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு நீங்கியதும் வாடகை உயர்ந்தது. பலர் வெளியேற நேர்ந்தது. வேதனையான இழப்பு அது. காலியான சில வீடுகள் உழவாரக் குருவிக் கூடுகளை அறுவடை செய்யும் இடங்களாயின. 2008-இல் மலாக்கா நகருடன் சேர்த்து ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வழங்கியது. அதன்பின் பல கட்டடங்கள் பழுதுபார்க்கப்பட்டன. அவற்றில் கணிசமானவை இன்று தங்கும் விடுதிகளும் காபிக் கடைகளும்தான்.